ராண்டல் பார்க்: இணைய வியாபாரம் பெருகுமுன்பே காலியான மால்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், க்ளீவ்லேண்ட் நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில் நார்த் ராண்டல் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1976-ல் அங்கே குடியிருந்தவர்கள் சுமார் 1,500 பேர். அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-ம் தேதி அந்த ஊரில் திறந்த ராண்டல் பார்க் மாலில் வேலை பார்த்தவர்களோ சுமார் 5,000 பேர். 22 லட்சம் சதுர அடி, ஐந்து பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள், இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள். உலகிலேயே பெரிய மால் என்று விளம்பரம் செய்தார்கள். முப்பத்துமூன்று வருடத்தில் அது மூடப்பட்டது. 2014 டிசம்பரில் இடிக்கத் தொடங்கினார்கள். அதே மனையில் 2018-ல் அமேசான் தன் கிடங்கைத் திறந்தது.

இதைக் கேட்டதும் ஒரு முடிவு தானாக மனதில் வந்துவிடும்: ஆன்லைன் வியாபாரம் மாலைக் கொன்றுவிட்டு, அதன் இடத்தையும் எடுத்துக்கொண்டது. இந்த மாலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது சரியாக வரவில்லை. மாலின் பெரிய கடைகள் கிளம்பத் தொடங்கியபோது அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் இணையத்தின் பங்கு 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. கடைசியில் கதவு மூடிய 2009-லும் அது 4 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. இவ்வளவு பெரிய கட்டடத்தைக் காலி செய்ய அது போதாது. உண்மையான காரணங்கள் மால் கட்டப்படுவதற்கு முன்பே, அதைக் கட்டவைத்த சட்டங்களிலும் கணக்குகளிலும் இருந்தன என்பது என் கருத்து.

முதலில் அந்த ஊர். நார்த் ராண்டல் விவசாயத்தால் வளர்ந்ததும் அல்ல, தொழிற்சாலையால் வளர்ந்ததும் அல்ல. குதிரைப் பந்தயத்துக்காக உருவான ஊர். 1908-ல் தனி ஊராட்சியானது, அதையொட்டி ராண்டல் பார்க் பந்தயத் திடல் வந்தது. 1925-ல் பக்கத்திலேயே திஸில்டவுன் என்ற இன்னொரு திடல். ஆக, ஆரம்பத்திலிருந்தே வெளியூர்க்காரர்கள் வந்து செலவு செய்துவிட்டுப் போவதை நம்பித்தான் இந்த ஊர் இருந்தது. பின்னாளில் இரண்டு திடல்களும் எட்வர்ட் ஜே. டிபார்டலோ கைக்கு வந்தன. பழைய ராண்டல் பார்க் திடலை இடித்துவிட்டு, அதே பெயரில் அவர் எழுப்பியதுதான் இந்த மால்.

டிபார்டலோ 1909-ல் ஒஹாயோவின் யங்ஸ்டவுனில் பிறந்தவர். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் முடித்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகரில் வரிசைக் கடைகள் கட்டித் தொடங்கி, நாட்டின் மிகப் பெரிய மால் முதலாளிகளில் ஒருவரானார். விமானத்தில் பறந்தபடியே நெடுஞ்சாலைகள் எங்கே சந்திக்கின்றன என்று பார்த்து மனை தேடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் சரியான காரணம் இருந்தது. 1956-ம் வருட நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் விரைவுச் சாலை வலையமைப்புக்கு வழி செய்தது. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்றது. இரண்டு விரைவுச் சாலைகள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மலிவான நிலம் கிடைத்தால் போதும், வாடிக்கையாளரைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவை அரசு ஏற்கெனவே செய்து முடித்திருக்கும். ராண்டல் பார்க் நின்ற இடம் 480-ம் எண், 271-ம் எண் விரைவுச் சாலைகளுக்கு அருகில்.

சாலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதே அளவு முக்கியமான இன்னொன்று, வரிச் சட்டம். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அமெரிக்கா முழுக்க மால்கள் ஏன் அவ்வளவு வேகமாக முளைத்தன என்பதற்கான விளக்கத்தில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

கட்டடம் தேய்ந்துபோகும் பொருள் என்பதால், அதன் விலையில் ஒரு பகுதியை ஒவ்வொரு வருடமும் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். இதுதான் தேய்மானம். 40 வருடம் நிற்கும் கட்டடம் என்றால் வருடத்துக்கு 2.5 சதவீதம். ஒரு கோடி டாலர் கட்டடத்துக்கு 2.5 லட்சம் டாலர். 1954-ல் திருத்தி எழுதப்பட்ட வரிச் சட்டம், புதுக் கட்டடங்களுக்கு இந்தக் கழிவை ஆரம்ப வருடங்களிலேயே இரட்டிப்பாக எடுத்துக்கொள்ள அனுமதித்தது. முதல் வருடமே 5 லட்சம். கையில் பணம் வந்துகொண்டிருக்கும், காகிதத்தில் நஷ்டம் காட்டும். அந்த நஷ்டத்தை வைத்து வேறு வருமானத்துக்கான வரியையும் குறைத்துக்கொள்ளலாம்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நிலம் தேயாது, அதனால் நிலத்தின் விலைக்குக் கழிவு கிடையாது. நகர நடுவில் மனை வாங்கினால் முதலீட்டில் பெரும்பங்கு நிலத்துக்கே போய்விடும். ஊருக்கு வெளியே வயலை வாங்கினால் முதலீட்டில் பெரும்பங்கு கட்டடத்துக்குப் போகும், கழிவும் அதிகம். அடுத்தது, முழுச் சலுகை புதுக் கட்டடத்துக்குத்தான். நகரத்தில் இருக்கிற பழைய கடையை வாங்கி நடத்துகிறவருக்கு அவ்வளவு கிடைக்காது. ஆக, நல்ல நிலையில் இருக்கும் பழைய கடைத்தெருவை விட்டுவிட்டு வெளியே போய்ப் புதிதாகக் கட்டு என்று வரிச் சட்டமே சொன்ன மாதிரி ஆயிற்று. சட்டம் எழுதியவர்கள் மால்களை நினைத்து இதைச் செய்யவில்லை. தொழிற்சாலைகள் புது இயந்திரம் வாங்கட்டும் என்பதுதான் நோக்கம். 1969-ல் வணிகக் கட்டடங்களுக்கு இந்தச் சலுகையைக் குறைத்தார்கள், ஆனால் எடுத்துவிடவில்லை. 1981-ல் திரும்பவும் தாராளமாக்கி, பிறகு 1986-ல்தான் உண்மையாகவே இறுக்கினார்கள். மால் கட்டும் அலை அடித்த காலமும் இந்தச் சலுகை நீடித்த காலமும் ஏறக்குறைய ஒன்றே.

மால் என்ற வடிவம் வேறு ஒருவரின் கனவு. வியன்னாவில் 1903-ல் பிறந்து, 1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்த யூதக் கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூயன் அதை வடிவமைத்தார். 1956 அக்டோபரில் மினசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில் அவருடைய சவுத்டேல் திறந்தது. முழுக்கக் கூரை போட்டு, குளிரூட்டி, நடுவில் முற்றம் வைத்த முதல் புறநகர் மால். இரண்டு போட்டிக் கடைகள் ஒரே கூரையின் கீழ் எதிரும் புதிருமாக வந்ததும் அங்கேதான். க்ரூயனின் திட்டம் கடைகளோடு முடியவில்லை. சுற்றிலும் வீடுகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா, ஏரி என்று 463 ஏக்கரில் ஒரு நகர மையத்தையே வரைந்திருந்தார். கார் இல்லாமல் நடந்து திரிகிற வியன்னா மாதிரி ஓர் இடம் அவர் மனதில் இருந்தது. கட்டி முடித்தபோது கிடைத்தது கடைகளும், சுற்றிலும் கார் நிறுத்துமிடமும்தான். வயதான காலத்தில் வியன்னாவுக்கே திரும்பிப் போனார். 1978-ல் லண்டனில் பேசும்போது, தன் யோசனையைப் பிய்த்து எடுத்துக் கட்டிய மால்களுக்குத் தான் பொறுப்பாக முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தான் தொடங்கிவைத்த ஒன்று தவறான பாதையில் போகும்போது, அது நல்ல லாபத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும், எழுந்து நின்று மறுக்கிறவர்கள் குறைவு.

சரி, ராண்டல் பார்க்குக்கு வருவோம். அமெரிக்க வணிக வளாகத் துறையின் கணக்கில் 4 லட்சத்திலிருந்து 8 லட்சம் சதுர அடி வரை இருந்தால் அது பிராந்திய மால். அதற்கு மேல் போனால் பெரும் பிராந்திய மால். சுற்றிலும் பல மைல் தூரத்திலிருந்து மக்கள் காரில் வந்தால்தான் அது நிற்கும். ராண்டல் பார்க்கின் 22 லட்சம் சதுர அடி அந்த வரம்பைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அப்படியானால் அதற்கு எவ்வளவு பெரிய மக்கள்தொகை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கேதான் கதையின் மையம் இருக்கிறது.

க்ளீவ்லேண்ட் நகரத்தில் 1950-ல் 9.15 லட்சம் பேர் இருந்தார்கள். 1970-ல் 7.5 லட்சம். 1980-ல் 5.74 லட்சம். இது நகரம் மட்டும், மக்கள் புறநகருக்குத்தானே போனார்கள், மாலும் புறநகரில்தானே இருந்தது என்று கேட்கலாம். ஆனால் நகரத்தையும் அதன் உடனடிப் புறநகர்களையும் சேர்த்த குயஹோகா கவுண்டியின் மக்கள்தொகையே 1970-ல் 17.2 லட்சத்தோடு உச்சம் தொட்டு, அதன் பிறகு இறங்கத் தொடங்கிவிட்டது. 1980-ல் 15 லட்சம், 2010-ல் 12.8 லட்சம். உருக்கு ஆலைகளும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளும் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. 1978 டிசம்பரில் க்ளீவ்லேண்ட் நகராட்சி கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போனது. 1930-களின் பெருமந்தத்துக்குப் பிறகு இப்படி ஆன முதல் பெரிய அமெரிக்க நகரம் அதுதான். அதாவது, உலகின் மிகப் பெரிய மால் என்று சொல்லிக்கொண்டு ஒன்றைத் திறந்தபோது, அதற்கு வரவேண்டிய மக்கள் ஆறு வருடமாகக் குறைந்துகொண்டிருந்தார்கள்.

மக்கள் குறைந்தார்கள், கடைகள் கூடின. பக்கத்து நகரமான ஆக்ரனில் ரோலிங் ஏக்கர்ஸ் என்ற மால் 1975-ல் திறந்தது. ராண்டல் பார்க்குக்கு அடுத்த வருடமே யூக்ளிட் ஸ்கொயர் மால். 1978-ல், சில மைல் வடக்கே வசதியானவர்கள் வாழும் பீச்வுட்டில், பீச்வுட் பிளேஸ். பொதுவாக இப்படி இருந்தால் யாரும் கட்டமாட்டார்கள், வங்கியும் கடன் தராது என்று நினைப்போம். ஆனால் புது மாலுக்குப் புது வாடிக்கையாளர் தேவையில்லை, பழைய மாலின் வாடிக்கையாளர் வந்தாலே போதும். ஒவ்வொரு மாலும் முந்தையதிலிருந்து பிடுங்கிக்கொண்டுதான் வளர்ந்தது. தொடக்கத்தில் ராண்டல் பார்க்கும் அப்படித்தான் நிரம்பியது, க்ளீவ்லேண்டின் நடுத்தெருக் கடைகளிலிருந்தும் பழைய புறநகர்க் கடைவீதிகளிலிருந்தும் எடுத்து.

மாலுக்குள் பணம் எப்படிச் சுழல்கிறது என்பது தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். ராண்டல் பார்க்கில் ஐந்து பெரிய கடைகள்: சியர்ஸ், ஜேசி பென்னி, ஹிக்பீஸ், மே கம்பெனி, ஜோசப் ஹார்ன். இவற்றை ஆங்கர் கடைகள் என்பார்கள், நங்கூரம் மாதிரி. இந்தப் பெரிய கடைகள் மால் முதலாளிக்குத் தரும் வாடகை பொதுவாக மிகக் குறைவு. பல மால்களில் அவை தங்கள் கட்டடத்தைத் தாங்களே வைத்திருக்கும். கூட்டத்தைக் கூட்டுவதுதான் அவற்றின் வேலை. முதலாளியின் வருமானம், ஒரு பெரிய கடையிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கிற வழியில் இருக்கும் செருப்புக் கடை, நகைக் கடை, பாட்டுக் கேசட் கடை போன்றவற்றிலிருந்து வருகிறது. அவை சதுர அடிக்கு அதிக வாடகை தரும். அதற்கு மேல் விற்பனையில் ஒரு பங்கு, பொது இடத்தைப் பராமரிக்கத் தனிக் கட்டணம். அதற்குப் பதிலாகச் சின்னக் கடைக்காரர்கள் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை வாங்கிவைத்துக்கொள்வது வழக்கம்: பெரிய கடை மூடினால் என் வாடகை குறைய வேண்டும், அல்லது நான் கிளம்பிவிடுவேன்.

ஒரு ஆங்கர் போனால் என்ன ஆகும் என்பதை இனி ஊகித்துவிடலாம். அதன் கூட்டம் போகும், அந்தப் பக்கத்துச் சின்னக் கடைகளின் விற்பனை விழும், வாடகைக் குறைப்பு நிபந்தனை எழும். முதலாளியின் வருமானம் குறையும், பராமரிப்பு நிற்கும், அடுத்த ஆங்கரும் யோசிக்கத் தொடங்கும். பூட்டிக்கிடக்கும் அந்தக் கடையின் அளவு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சதுர அடி என்று இருக்கும்போது, அதில் குடியேற ஆள் கிடைப்பது லேசுப்பட்ட காரியமல்ல.

அந்தப் பெரிய கடைகளை வீழ்த்தியதில் மால் முதலாளிகளுக்கும் பங்கு உண்டு. 1980-களில் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களைக் கடன் வாங்கி விலைக்கு வாங்கும் வெறி நாடெங்கும் இருந்தது. 1988-ல் டிபார்டலோ நிறுவனமும் டில்லர்ட்ஸ் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிறுவனமும் சேர்ந்து க்ளீவ்லேண்டின் பெருமையாக இருந்த ஹிக்பீஸை வாங்கின. அதே வருடம், கனடாவின் கட்டட முதலாளி ராபர்ட் காம்போ, பெடரேட்டட் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் குழுமத்தைக் கைப்பற்ற டிபார்டலோ 48 கோடி டாலர் கடன் கொடுத்தார். 1990 ஜனவரியில் காம்போவின் கடைகள் திவால் மனு கொடுத்தன. ஹிக்பீஸ் 1992-ல் டில்லர்ட்ஸ் என்று பெயர் மாறியது. அடுத்த வருடம் மே கம்பெனியின் க்ளீவ்லேண்ட் பிரிவு பிட்ஸ்பர்க்கின் காஃப்மன்ஸோடு இணைக்கப்பட்டது. ஹார்ன் கடையின் இடத்துக்குத் தள்ளுபடி விலைத் துணிக்கடை வந்தது. ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. எந்தக் கிளை இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை வேறு மாநிலத்துத் தலைமையகங்கள் தீர்மானிக்கத் தொடங்கின. ஒரே நிறுவனத்துக்குப் பக்கத்துப் பக்கத்து மால்களில் கிளை இருந்தால் எதை வெட்டுவது என்பது அவர்களுக்கு ஒரு சின்னக் கணக்குதான். டிபார்டலோ 1994 டிசம்பரில் காலமானார். 1996-ல் அவருடைய மால் நிறுவனம் சைமன் என்ற இன்னொரு மால் குழுமத்தோடு இணைந்தது. ராண்டல் பார்க் பிறகு பல கைகள் மாறியது.

இன்னொரு காரணத்தைப் பலர் மென்று விழுங்கிவிடுகிறார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். 1970-களுக்குப் பிறகு மாலைச் சுற்றியிருந்த வாரன்ஸ்வில் ஹைட்ஸ், பெட்ஃபோர்ட் ஹைட்ஸ், மேப்பிள் ஹைட்ஸ் போன்ற ஊர்களில் கறுப்பினக் குடும்பங்கள் குடியேறின. வெள்ளையர்கள் இன்னும் தள்ளி வெளியே போனார்கள். மாலுக்கு வருகிற முகங்கள் மாறின. உடனே பாதுகாப்பில்லாத இடம் என்ற பேச்சு கிளம்பியது, பெரிய நிறுவனங்களின் ஆர்வமும் வடிந்தது. வந்தவர்களிடம் செலவு செய்யக் காசு இருந்தது. அதைப் புரிந்துகொண்டவர் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன். கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைப் பெரிய முதலாளிகள் ஒதுக்குவதே தனக்கு வாய்ப்பு என்று சொல்லித் திரையரங்குகள் திறந்துகொண்டிருந்த அவர், 1999-ல் ராண்டல் பார்க்கிலும் ஒன்றைத் திறந்தார். ஆனால் அதற்குள் காலம் கடந்திருந்தது. பீச்வுட் பிளேஸுக்கு 1997-லேயே நார்ட்ஸ்ட்ரோம் என்ற உயர்தர டிபார்ட்மென்ட் ஸ்டோர் வந்துவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் ராண்டல் பார்க்கிலிருந்து ஜேசி பென்னியும் டில்லர்ட்ஸும் அடுத்தடுத்து வெளியேறின. டில்லர்ட்ஸ் பீச்வுட்டில் இன்றும் இருக்கிறது. ஒரே நிறுவனம், சில மைல் இடைவெளி. வேறுபட்டது சுற்றியிருந்த வட்டாரம்தான். தொழிற்சாலை வேலை குறைந்ததும், கவுண்டியின் மக்கள்தொகை இறங்கியதும், இடம் மிஞ்சிப்போனதும் எல்லோரையும் பாதித்தன. ஆனால் எது முதலில் சாக வேண்டும் என்ற வரிசையை நிர்ணயித்ததில் இனம் பெரிய பங்கு வகித்தது என்றே நான் நினைக்கிறேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் தனித்தனிக் கட்டடங்களாக வந்த வால்மார்ட், டார்கெட் போன்ற கடைகளும் அந்த வருடங்களில் விலையில் மாலை அடித்தன. 2009-ல் சியர்ஸும் மூடியது, மாலின் உட்பகுதியும் பூட்டப்பட்டது.

இதுபோன்ற பூட்டிய மால்களின் படங்கள் பிறகு இணையத்தில் நிறைய சுற்றின, குறிப்பாக ரோலிங் ஏக்கர்ஸின் உடைந்த கூரை வழியே பனி விழுந்து கிடக்கும் படங்கள். அழகான படங்கள்தான். ஆனால் ஏதோ இயற்கைச் சீற்றத்தில் அழிந்த நாகரிகம் என்ற எண்ணத்தை அவை ஊட்டுகின்றன. வேலை போன ஐயாயிரம் பேரும், வரவு போன ஊராட்சியும் அந்தப் படங்களுக்குள் வருவதில்லை.

ஊராட்சியின் பக்கம் பார்த்தால்தான் அமேசான் அங்கே வந்ததன் பொருள் தெரியும். ஒஹாயோவில் உள்ளாட்சிகள் தாங்களே வருமான வரி வசூலிக்கலாம், அதுவும் ஊரில் வேலை பார்ப்பவரின் சம்பளத்திலிருந்து, அவர் எங்கே குடியிருந்தாலும். 1,500 பேர் வாழும் ஊரில் 5,000 பேர் வேலை பார்த்தால் ஊராட்சிக்கு எவ்வளவு வசதி என்பதைச் சொல்லத் தேவையில்லை. மால் போனபோது அந்த வரவும் போனது. 2010 கணக்கெடுப்பில் ஊரில் 1,027 பேர்தான். அப்புறம் 2017-ல் அமேசான் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகளோடு எட்டரை லட்சம் சதுர அடிக் கிடங்கு கட்டுவதாக அறிவித்தபோது, மாநில அரசும் வரிச் சலுகை தந்தபோது, ஊராட்சி அதை வரவேற்றதில் ஆச்சரியமில்லை. அமேசானுக்கும் அந்த இடம் பிடித்ததற்குக் காரணம் டிபார்டலோவுக்குப் பிடித்த அதே காரணம்தான்: இரண்டு விரைவுச் சாலைகள், இடையூறில்லாத பெரிய மனை, சுற்றிலும் வேலை தேடும் மக்கள். யூக்ளிட் ஸ்கொயர், ரோலிங் ஏக்கர்ஸ் ஆகிய இரண்டு மால்களின் மனைகளையும் அது பிறகு எடுத்துக்கொண்டது.

மாலில் நூற்றுக்கணக்கான முதலாளிகள் இருந்தார்கள். ஒரு கடை நொடித்தாலும் ஊராட்சியின் வரவில் அது சின்னக் கீறல்தான். கிடங்கில் இருப்பது ஒரே முதலாளி. இன்று ஆள் செய்யும் வேலையை நாளை ரோபோ செய்யத் தொடங்கினால், கட்டடம் நிரம்பியே இருக்கும், ஊருக்கு வரும் சம்பள வரி மட்டும் குறையும். நார்த் ராண்டல் ஊராட்சி இந்தக் கணக்கை எப்படிப் போட்டிருக்கிறது என்பதுதான் இனிமேல் அங்கே கவனிக்க வேண்டிய விஷயம். எதிர்ப்புறத்தில், 1925-ல் வந்த திஸில்டவுன் திடல் 2013-லிருந்து சூதாட்ட இயந்திரங்களையும் சேர்த்துக்கொண்டு இன்னும் குதிரைகளை ஓட்டிக்கொண்டிருக்கிறது, ஊருக்கு இரண்டாவது வரவாக.